பத்தாம் வாய்க்காலும் பாரதிபுரமும்: கிளிநொச்சிக் குடியேற்றங்களைக் காட்டும் மாணவர் களப்பயணம் எப்படி?

வவுனியாவில் காலை 5.45க்கு ஏற்றி, பின்னேரம் 6 மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கும் ஒருநாள் களப்பயணம் இது. பஸ், வழிகாட்டி, மத்தியானச் சாப்பாடு, பயிற்சித்தாள் எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் வருகின்றன. கிளிநொச்சி நகரத்தையும் அதைச் சுற்றி ‘நகர்’, ‘புரம்’ என்று முடியும் ஊர்களையும் ஆர் உருவாக்கினார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்ன காணி கிடைத்தது என்பதுதான் பொருள். தரம் 9 தொடக்கம் உயர்தரம் வரை கூட்டிப் போகலாம். அதற்குக் கீழே உள்ள வகுப்புகளுக்கு வேண்டாம். கச்சான் வாங்கியதும் குளத்தைப் பார்த்ததும் மட்டும்தான் மனதில் நிற்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். இடங்களைத் தெரிந்தவர்கள்தான் பாதையைப் போட்டிருக்கிறார்கள், அதற்கு முழுப் புள்ளி. நேரத்தைப் பங்கிட்ட விதத்திலும் பயிற்சித்தாளிலும்தான் வெட்டு விழுகிறது. நடத்துபவர்களின் பெயரை இங்கே போடவில்லை. இதே பாதையை ஒரு பாடசாலை தானே ஒழுங்குபடுத்தினாலும் கீழே சொல்லும் கணக்கு மாறாது.

முதலில் காசு. வழியில் பார்க்கிற எந்த இடத்துக்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. ஆகவே கட்டணம் முழுவதும் பஸ், சாப்பாடு, வழிகாட்டி என்ற மூன்றுக்குத்தான். ‘ஒரு பிள்ளைக்கு இவ்வளவு’ என்று சொன்னால் அதோடு நிற்காமல் கிலோமீற்றர் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏ9 வீதியால் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். போய்வர 150. இரணைமடு, உருத்திரபுரம், பாரதிபுரம் என்று உள்ளோட்டத்துக்கு இன்னும் 40 போட்டால் போதும். 200ஐத் தாண்டிக் கணக்குக் காட்டினால் காரணம் கேட்கலாம்.

பஸ் விஷயத்தில்தான் முதல் பிழை வருகிறது. 52 இருக்கை பஸ் ஒன்று மலிவு. ஆனால் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கத்து உள் ஒழுங்கைகளில் அது திரும்பாது. கிரவல் ரோட்டு, ஓரத்தில் மதகு, மேலே தாழ்ந்த மின்கம்பி. கடைசியில் பிரதான ரோட்டில் இறக்கி, பிள்ளைகளை வெய்யிலில் ஒரு கிலோமீற்றர் நடத்துவார்கள். அதில் அரை மணித்தியாலம் போய்விடும். இரண்டு கோஸ்டர் (சின்ன) பஸ் கேளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் இரண்டு குழுவாகப் பிரித்து வேலை செய்யவும் அதுதான் வசதி. 40 பிள்ளைகள் ஒரே கிணற்றடியில் நின்றால் முன்வரிசை பத்துப் பேர்தான் கிணற்றைப் பார்ப்பார்கள்.

முறிகண்டியில் பஸ் நிற்கும். நிற்காமல் எந்தச் சாரதியும் போகமாட்டார், அதைப்பற்றிப் பேசி வேலையில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய், பிள்ளைகளுக்குக் கச்சான், பதினைந்து நிமிடம். கழிப்பறை அலுவலையும் இங்கேயே முடித்துவிட வேண்டும். இதற்குப் பிறகு ஒழுங்கான கழிப்பறை மத்தியானம்வரை கிடைக்காது.

அடுத்தது இரணைமடுக் குளக்கட்டு. இங்கே 75 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அரை மணித்தியாலம் தாராளம். காற்று நன்றாக இருக்கும், படம் நன்றாக விழும், வழிகாட்டிக்கும் பேச்சு நன்றாக வரும். ஆனால் பேச்சில் ஒரு குழப்பம் இருக்கிறது. குளம் கட்டியதையும் குடியேற்றத்தையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டும் ஒரே காலம் என்று நினைக்க வைத்துவிடுகிறார்கள். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி, கிட்டத்தட்ட இருபது வருடம் இழுத்தது. கிளிநொச்சி நகரம் குடியேற்றத் திட்டமாக எழுந்தது 1936இல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி போதாமல், வேலையும் இல்லாமல் சனம் நெருக்குப்பட்டதால் அங்கிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள். அதாவது தண்ணீர் முதலில் வந்தது, சனம் பின்னால் வந்தது. இந்த வரிசை பிள்ளைகளுக்குத் தெளிவாகாவிட்டால் அன்று மத்தியானம் பார்க்கப் போவது ஒன்றும் விளங்காது. ஏனென்றால் பிறகு வந்த சனங்களுக்கு இந்த வரிசை பொருந்தவில்லை. அவர்கள் வந்தார்கள், தண்ணீர் வரவில்லை.

குளக்கட்டில் நிற்கும்போது ஒன்றை மட்டும் செய்ய வைத்தால் போதும். இடதுகரை வாய்க்காலும் வலதுகரை வாய்க்காலும் எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்து, வெறும் தாளில் இரண்டு கோடு கீறச் சொல்லுங்கள். அந்தக் கோடுதான் அன்றைய வரைபடத்தின் அடித்தளம். இந்தச் சேவை தரும் பயிற்சித்தாளில் வரைபடம் ஏற்கெனவே அச்சிட்டு இருக்கிறது. பிள்ளைகள் பெயரை நிரப்பினால் சரி. நிரப்புவது வேறு, கீறுவது வேறு. அந்தத் தாளை வைத்துவிட்டு ஒரு ஏ4 தாளும் பென்சிலும் கொடுப்பது மேல்.

உருத்திரபுரம்தான் இந்தப் பயணத்தின் நல்ல பகுதி. நகரத்துக்கு மேற்கே, வயல்வெளிக்குள். இங்கே ‘எட்டாம் வாய்க்கால்’, ‘பத்தாம் வாய்க்கால்’ என்பவை இடப்பெயர்கள். கடிதத்தில் முகவரியாக எழுதுகிறார்கள், பஸ் கொண்டக்டர் அதைச் சொல்லித்தான் இறக்குவார். வாய்க்காலின் இலக்கமே ஊராகிவிட்டது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வரைபடத்தில் பங்கீட்டு வாய்க்காலுக்குப் போட்ட இலக்கம், மூன்று தலைமுறைக்குள் ‘நாங்கள் பத்தாம் வாய்க்கால்காரர்’ என்று வாயில் ஏறிய கதை. வழிகாட்டி இதை நன்றாகவே சொல்கிறார். பழைய சிவன் கோயிலான உருத்திரபுரீஸ்வரரைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள், அதுவும் சரிதான். குடியேற்றத்துக்கு முன்னரும் இந்த மண்ணில் ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

ஆரம்பத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுக்காணியும் என்பது நாடு முழுவதும் பின்பற்றப்பட்ட அளவு. போகப் போக அது குறைந்தது. பிறகு படித்த வாலிபர் திட்டங்கள் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் வந்தன. 1970களின் முதற்பாதியில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. மிளகாய் என்றால் ஆள் வேண்டும். நட, களை பிடுங்க, பழம் ஆய, காய வைக்க எல்லாவற்றுக்கும் கைதான். அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வியோடுதான் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். வழிகாட்டி இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. உருத்திரபுரத்தில் வயலைக் காட்டிவிட்டு, பாரதிபுரத்தில் ‘இவர்கள் 1977 கலவரத்தில் வந்தவர்கள்’ என்று சொல்லிவிடுகிறார். அது பொய்யில்லை, ஆனால் பாதி. கலவரம் துரத்தியது, மிளகாய்த் தோட்டம் இழுத்தது. இடையில் 1973, 74இல் தோட்டங்களில் வந்த பட்டினி. மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் மலையகக் குடும்பம் ஒன்று ஏன் நுவரெலியாப் பக்கத்திலிருந்து வன்னிக் காட்டுக்கு வந்தது என்பது விளங்கும்.

வவுனியாவை மையமாக வைத்து இந்தக் குடும்பங்களை இருத்தும் வேலையைக் காந்தியம் இயக்கம் செய்தது. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் தொடங்கியது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதானார்கள். இராஜசுந்தரம் அதே வருடம் ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இறந்தார். வவுனியாவிலிருந்து புறப்படும் பயணம் என்பதால் பஸ் நகரத்தைத் தாண்டுவதற்கு முன் இதைச் சொல்வதுதான் பொருத்தம். இப்போது அந்த நேரத்தில் பஸ்ஸில் பாட்டுப் போகிறது.

பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் பக்கம் 11 மணிக்கு வந்து சேர்கிறோம். இங்கே 40 நிமிடம்தான். இதுதான் பெரிய குறை. குளக்கட்டில் வீணான முக்கால் மணித்தியாலத்தை இங்கே கொண்டுவந்தால் பயணத்தின் தரமே மாறும். ஏனென்றால் இந்தப் பயணத்தில் பிள்ளைகள் கையால் செய்யக்கூடிய இரண்டு வேலையும் இங்கேதான் இருக்கின்றன: கிணறு அளப்பது, காணி அளப்பது.

கிணறு அளக்க 20 மீற்றர் நைலோன் கயிறு ஒன்று வேண்டும். அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு, ஐந்து மீற்றருக்கு ஒரு சிவப்புத் துணி. நுனியில் கழுவிய கல்லைச் சுத்தமான துணியில் கட்டுங்கள். துருப்பிடித்த இரும்பு வேண்டாம், அது அவர்கள் குடிக்கிற தண்ணீர். வீட்டுக்காரரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் கயிறு இறங்க வேண்டும். கல் தண்ணீரில் முட்டும்போது சத்தம் கேட்கும், கயிறும் தளரும். அந்த இடத்தைக் கட்டின் விளிம்பில் விரலால் பிடித்து, மேலே இழுத்து முடிச்சை எண்ண வேண்டும். பிறகு கிணற்றுக்கட்டின் உயரத்தை அளந்து கழிக்க வேண்டும். பத்தில் ஏழு பிள்ளை இதை மறக்கும். ஒரு கட்டு முழங்கால் அளவும் இன்னொரு கட்டு இடுப்பளவும் இருந்தால், கழிக்காத கணக்கில் அரை மீற்றர் பொய் ஏறிவிடும். மோட்டர் போட்டு இறைத்து முடிந்த கிணற்றை அளக்க வேண்டாம், மட்டம் இறங்கியிருக்கும். குழாய்க்கிணற்றை இந்தக் கயிற்றால் அளக்க முடியாது.

இதே கயிற்றால் காலையில் உருத்திரபுரத்தில் ஒரு கிணற்றை அளந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இங்கே மட்டும் அளந்தால் ஒரு இலக்கம் கிடைக்கும், ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. வாய்க்கால் ஓடும் இடத்தில் தண்ணீர் மண்ணில் கசிந்து கிணற்றுக்கு ஊறும். வயலில் கட்டிய நீரும் கீழே இறங்கும். வாய்க்கால் எட்டாத மேட்டில் மழை மட்டும்தான். அதனால்தான் ஒரே நாளில், ஒரே நகரத்தில், இரண்டு கிணற்றின் நீர்மட்டம் ஒன்றுபோல் இருக்காது. சேவைக்காரர் ஒரு இடத்தில் மட்டும் அளக்கிறார்கள். கயிற்றை ஆசிரியர் தானே கொண்டுபோனால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

காணி அளப்பது இன்னும் சுலபம். முதலில் 10 மீற்றரை நாடாவால் குறித்து, ஒவ்வொரு பிள்ளையும் அதை எத்தனை எட்டில் நடக்கிறது என்று எண்ண வைக்க வேண்டும். பிறகு வேலியோரமாக நீளத்தையும் அகலத்தையும் நடந்து கணக்குப் பார்க்கலாம். கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு, சதுர மீற்றரில் 1,012. சதுரமாக இருந்தால் பக்கம் 32 மீற்றர் வரும். இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர் மேட்டுக்காணி. வயல் இல்லை. அந்தக் கால் ஏக்கருக்குள் இப்போது மகன் வீடு, மகள் வீடு என்று எத்தனை அடுப்பு இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். காலையில் பார்த்த எட்டு ஏக்கரையும் இந்த நாலு பரப்பையும் ஒரே தாளில் ஒரே அளவுத்திட்டத்தில் கீறினால் ஒன்றுக்குள் மற்றது 32 தரம் போகும். அதற்கு மேல் விரிவுரை தேவைப்படாது.

பெயர்களைப் பற்றிச் சேவைக்காரர் ஒரு சூத்திரம் சொல்கிறார்கள்: இலக்கம் உள்ள இடம் தண்ணீர் உள்ள இடம், புரம் என்றும் நகர் என்றும் முடிவது தண்ணீர் இல்லாத இடம். கேட்க அழகு, ஆனால் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். உருத்திரபுரமும் புரம்தான், அதற்குள்தான் பத்தாம் வாய்க்கால் இருக்கிறது. இராமநாதபுரத்திலும் வயல் இருக்கிறது. பெயர் ஒரு தடயம், அவ்வளவுதான். கயிறும் நாடாவும் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இனி ‘பெர்மிட்’. பின்னேரம் 2 மணிக்கு மரநிழலில் உட்கார்த்தி, ஒரு காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் காட்டுகிறார்கள். பெயரும் இலக்கமும் மறைத்த பிரதி, அது நல்ல பழக்கம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படுவது இது. ஊரில் எல்.டி.ஓ. பெர்மிட் என்பார்கள். அனுமதி (பெர்மிட்) வேறு, அளிப்பு வேறு, உறுதி (முழு உரிமைப் பத்திரம்) வேறு என்பதை வழிகாட்டி நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார். பெர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நிபந்தனை எல்லாம் நிறைவேற்றிய பிறகுதான் அளிப்புப் பத்திரம் வரும். பிரதியின் தலைப்பில் ‘யாழ்ப்பாணம்’ என்று இருப்பதைப் பார்த்து ஒரு பிள்ளை பிழை கண்டுபிடித்ததாக நினைக்கும். பிழையில்லை. 1984வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அதற்கு முந்திய காணிக் கச்சேரிகள் (காணி கொடுக்க ஆள் தெரியும் கூட்டங்கள்) எல்லாம் அந்த நிர்வாகத்தின் கீழ் நடந்தவை. பழைய தாளின் தலைப்பைப் பார்த்தே அதன் காலத்தை ஓரளவு பிடிக்கலாம். இதை வழிகாட்டியே சொல்லாமல் பிள்ளைகளைக் கேட்க வைப்பது மிக நல்ல உத்தி.

அந்தத் தாளில் பின்னுரித்தாளர், அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணி ஆருக்கு என்று எழுதும் பகுதி, ஒன்று இருக்கிறது. அதை நிரப்பாமல் பெர்மிட்காரர் இறந்தால், சட்டத்தின் அட்டவணைப்படி ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றுதான் நீண்டகாலம் இருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. வன்னியில் பெண் தலைமையில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியே ஒரு பாடவேளை. சேவையில் இதற்கு இரண்டு நிமிடம்தான்.

முக்கியமாக விடுபடுவது குடியுரிமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் அவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1974இல் மீதி ஒன்றரை லட்சம் பேரை இரண்டு நாடும் பாதி பாதியாகப் பிரிப்பது. கடைசி மிச்சத்துக்குக் குடியுரிமை கிடைக்க 2003வரை போனது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணிப் பெர்மிட் கிடையாது. பெர்மிட் இல்லாதவர் இருக்கிற காணி ‘அத்துமீறிய காணி’. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கொடுத்தார்கள். அதற்கும் காணிக்கு ஏதாவது ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. 1948இல் கொழும்பில் நிறைவேறிய ஒரு சட்டம், அறுபது வருடம் கழித்துக் கிளிநொச்சியில் ஒரு வீட்டின் அத்திவாரத்தில் வந்து நிற்கிறது. இந்தச் சங்கிலியை வழிகாட்டி தொடுத்துக் காட்டவில்லை. ஆசிரியர் முதல்நாளே கரும்பலகையில் போட்டுவிட்டு வரவேண்டும்.

அதோடு இன்னொரு வழியும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்காக இவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, இதே வன்னிக் காட்டின் விளிம்பால்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் பலர். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்த நடையை நினைவாக நடந்தார்கள். பாரதிபுரத்துப் பாட்டி ஒருவருக்கு வன்னி இரண்டாம் தரம் வந்த இடம் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து கேட்பார்கள்.

முதியவர்களோடு பேசும் பகுதி நன்றாகப் போகும், அல்லது ஒரே நிமிடத்தில் கெட்டுப்போகும். கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு சொல்லால்தான். ‘இந்தியாக்காரர்’, ‘தோட்டக்காட்டார்’, ‘வந்தான் வரத்தான்’ என்று வீட்டில் கேட்ட சொல்லைப் பிள்ளை யோசியாமல் சொல்லிவிடும். சேவைக்காரர் இதற்கு முன்னெச்சரிக்கை செய்வதில்லை. பஸ் ஏறுவதற்கு முன் ஆசிரியர் சொல்ல வேண்டும், நேரடியாக, சொல்லைச் சொல்லியே. ‘நீங்கள் எப்ப வந்தனீங்கள்?’ என்ற கேள்வியும் முதல் கேள்வியாக வேண்டாம். ‘ஐயா, இந்தக் கிணறு ஆர் வெட்டினது?’ என்று தொடங்கினால் வருடம், வந்த வழி, கூட வந்தவர், கூலி எல்லாம் தானாக வரும். கிணறு வெட்டிய கதை இல்லாத வீடே இந்தப் பக்கத்தில் இல்லை.

பேச்சைக் கேட்கும்போதே முறைப்பெயரையும் குறிக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாண வழி வீட்டில் அம்மம்மா, அப்பாச்சி. பக்கத்து மலையக வழி வீட்டில் அம்மாயி, அப்பாயி. கோயிலும் அப்படியே. ஐயனாரும் நாகதம்பிரானும் இருக்கிற மண்ணில் மாரியம்மனும் முனியாண்டியும் வந்து இருந்த இடங்கள் எவை என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால் குடியேற்றத்தின் எல்லை ஓரளவு தெரியும். இப்போது பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்து, கலியாணமும் கலந்து, இந்த எல்லை அழிந்து வருகிறது. அதையும் குறிக்க வேண்டும். ஒரு வீட்டிலேயே அம்மம்மாவும் அப்பாயியும் இருந்தால் அது நல்ல தரவு.

விடுபட்டவை வேறும் உண்டு. வவுனியாவில் புறப்பட்டும் அங்குள்ள முஸ்லிம் ஊரான பட்டாணிச்சூரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றியும் இல்லை. 1995 ஒக்டோபர் 30க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரும் இடப்பெயர்வு கிளிநொச்சி நகரத்தை எப்படி நெரித்தது என்பதும் இல்லை. ஒரு நாளில் எல்லாம் முடியாது, ஒத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் போகும் ஒன்றரை மணித்தியாலத்தில் சொல்லலாம். போர்ச் சின்னங்களில் இறக்காமல் விட்டது சரியான முடிவு. அது வேறு பயணம், வேறு தயாரிப்பு.

சாப்பாடு: பாரதிபுரம் பக்கத்தில் ஒரு பெண்கள் குழு சமைக்கிறது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, மரக்கறிக்காரருக்குத் தனிப் பானை. கூடவே கோதுமை ரொட்டியும் இடித்த சம்பலும் வைக்கிறார்கள், தோட்டத்து முறை. ரொட்டி தடிப்பு, கையால் பிய்த்தால் உள்ளே இன்னும் ஆவி பறக்கும். சம்பலில் செத்தல்மிளகாய் தாராளம், சின்னப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார்கள். பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லாத பகுதி இது. வேறு ஒழுங்கு செய்வதென்றால் விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகம் இருக்கிறது, ஆனால் 40 பேருக்கு முதல்நாளே சொல்ல வேண்டும். பாசல் சாப்பாடு வேண்டாம். காலை ஐந்து மணிக்குக் கட்டிய பாசல் மத்தியானம் ஒரு மணிக்கு என்ன கதியில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த மாதம் போவது என்பதைச் சேவைக்காரர் உங்கள் வசதிக்கு விடுகிறார்கள். விடக்கூடாது. காலபோகத்தில், தை மாதம் போனால் எல்லா இடமும் பச்சை. மானாவாரி வயலும் பச்சை, பற்றைக்காடும் பச்சை; வாய்க்கால் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை மழை. 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்து ஊர்கள் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். ஜூன், ஜூலைதான் சரி. சிறுபோகத்தில் குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். அந்தப் பங்கு கிடைத்த வயல் மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் பழுப்பாகவும் நிற்கும். ரோட்டின் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் புழுதி. ஆனால் சோளகக் காற்று அடிக்கும், கண்ணில் மண் விழும், தொப்பி பறக்கும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், கழுத்தில் கட்டும் கயிற்றோடு தொப்பி.

இரண்டு எச்சரிக்கை. ரோட்டையும் வளவையும் விட்டுப் பற்றைக்குள் எந்தப் பிள்ளையும் இறங்கக்கூடாது, சிறுநீர் கழிக்கக்கூட. கண்ணிவெடி அகற்றாத துண்டுகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகை விழுந்துபோயிருந்தாலும் வெடி மண்ணுக்குள் இருக்கலாம். மற்றது, படைமுகாம் வேலிப்பக்கம் போனைத் தூக்கவேண்டாம். கடிதங்களும் ஒழுங்காக இருக்கட்டும்: வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதி, பெற்றோர் சம்மதம், போகிற இடத்துக் கிராம அலுவலருக்கு ஒரு வாரம் முன் தகவல். மூன்றாவதைச் சேவைக்காரர் ‘நாங்கள் பார்க்கிறோம்’ என்பார்கள். கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிராம அலுவலருக்குத் தெரியாமல் 40 பிள்ளைகள் கயிறும் நாடாவுமாக வளவுக்குள் இறங்கினால், காணி பறிக்க ஆள் வந்துவிட்டது என்றுதான் சனம் நினைக்கும். இந்த ஊரில் நாடாவோடு வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளாக இருந்ததில்லை.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாற்றம் கேளுங்கள்: குளக்கட்டில் 30 நிமிடம், பாரதிபுரத்தில் 85 நிமிடம், உருத்திரபுரத்திலும் ஒரு கிணறு. மறுத்தால் அரைப் புள்ளியைக் குறைத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டால் நாலரை. பிள்ளைகள் கீறிய வரைபடங்களில் நல்ல ஒன்றைப் பிரதி எடுத்து, அளக்க விட்ட வீட்டுக்காரருக்கு அனுப்பும் பொறுப்பையும் யாரிடமாவது கொடுங்கள். கிணற்று ஆழத்தை மறக்காமல் அதில் எழுதுங்கள். அடுத்த ஆடியில் மோட்டர்க் குழாயை எவ்வளவு இறக்குவது என்று அவர்களுக்கு அந்த இலக்கம் தேவைப்படும்.